ஆல்ட் + ஏ அழுத்தியும் மைக் அசையவில்லையா? சூம், மீட், டீம்ஸ் கூட்டங்களில் கீபோர்டும் திரையும் சொல்பேச்சுக் கேளாதபோது

வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியில் யாருக்காவது சூம் குழப்பம் வந்தால் பெரும்பாலும் என் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். கொழும்பில் ஞாயிறு இரவு ஏழரை என்றால் கோடைகாலத்தில் டொரன்டோவில் காலை பத்து, லண்டனில் பின்னேரம் மூன்று. மூன்று ஊர்ச் சொந்தங்களும் ஒன்றாக உட்காரக் கிடைக்கிற நேரம் அது ஒன்றுதான். இலவசக் கணக்கில் சூம் தருவது 40 நிமிடம், அதில் பத்து நிமிடம் "மாமி, நீங்கள் மியூட்டில இருக்கிறீங்கள்" என்றே போய்விட்டால் எனக்கு உண்மையிலேயே மனம் கஷ்டப்படும். அதனால்தான் இதை எழுதுகிறேன். உங்களுக்கு என்ன நடக்கிறதோ அந்தத் தலைப்பைத் தேடிப் பிடித்து அதை மட்டும் வாசித்தாலும் போதும்.

விசைகளின் பெயர் பற்றி ஒரு சொல். ஆங்கிலத்தில் டொக்டர் என்று எழுதத் தொடங்கும் எழுத்தை 'டி' என்றும், டீச்சர் என்று எழுதத் தொடங்கும் எழுத்தை 'டீ' என்றும் எழுதுகிறேன், இரண்டையும் மாற்றிவிட வேண்டாம். வேறு ஒன்றும் சொல்லாத இடங்களில் விண்டோஸ் கணினியை மனதில் வைத்தே எழுதியிருக்கிறேன்.

"ஆல்ட் + ஏ அழுத்துகிறேன், மைக் அப்படியே இருக்கிறது"

சூமில் மைக்கை மூடித் திறப்பது ஆல்ட் + ஏ, கமராவுக்கு ஆல்ட் + வீ. இவை பழுதாகி நான் பார்த்ததில்லை. பழுது என்று என்னிடம் வந்தவற்றில் முக்கால்வாசியில் விசை வேறொரு நிரலுக்குப் போய்க்கொண்டிருந்தது. கீபோர்ட் ஒரு நேரத்தில் ஒரு ஜன்னலின் பேச்சைத்தான் கேட்கும், நீங்கள் கடைசியாக எதைக் கிளிக் செய்தீர்களோ அதன் பேச்சை.

கீழ் மாடியில் இருக்கும் ஒரு தங்கச்சி கணக்காளர். கூட்டம் நடக்கும்போது எக்செல்லைத் திறந்து வைத்துக்கொண்டு கணக்கைப் பார்த்தபடி பேசுவது அவள் வேலை. ஆல்ட் + ஏ அழுத்தும்போதெல்லாம் எக்செல்லில் டேட்டா என்ற பட்டி திறந்து மேலே சின்னச் சின்ன எழுத்துகள் முளைக்கின்றன, மைக் திறக்கவில்லை, மேலதிகாரி பதிலுக்குக் காத்திருக்கிறார். சூம் பழுது என்று அழித்து மறுபடி நிறுவியும் பார்த்துவிட்டாள். எக்செல்லில் ஆல்ட் + ஏ என்றால் டேட்டா பட்டியைத் திற என்று அர்த்தம், எக்செல் தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது.

உடனடி வழி: சூம் ஜன்னலின் மேல் பட்டையில் ஒருமுறை கிளிக் செய்துவிட்டு அழுத்துங்கள். நிரந்தர வழி: சூம் செட்டிங்ஸுக்குள் கீபோர்ட் ஷோர்ட்கட்ஸ் என்ற பக்கம் இருக்கிறது, அங்கே ஒவ்வொரு விசைக்கும் பக்கத்தில் குளோபல் என்று ஒரு பெட்டி வரும். அதில் சரி போட்டால் எக்செல் முன்னால் இருந்தாலும் அந்த விசையை சூம்தான் பிடிக்கும்.

ஆனால் தயவுசெய்து எல்லாவற்றுக்கும் சரி போடாதீர்கள். ஆல்ட் + எச் சூமில் சட் பெட்டி, வேர்டிலும் எக்செல்லிலும் ஹோம் பட்டி. ஆல்ட் + என் சூமில் கமரா மாற்றுவது, வேர்டில் இன்சேர்ட். எல்லாவற்றையும் சூமுக்குக் கொடுத்துவிட்டால் மற்ற நிரல்களில் நீங்கள் பழகிய விசைகள் கூட்டம் நடக்கும் நேரம் செத்துப்போகும். நான் மைக் ஒன்றுக்கு மட்டும் சரி போட்டு வைத்திருக்கிறேன், அவசரத்தில் தேவைப்படுவது அது ஒன்றுதான்.

மக் வைத்திருப்பவர்களுக்கு இது கமாண்ட் + ஷிப்ட் + ஏ, கமராவுக்கு கமாண்ட் + ஷிப்ட் + வீ. டீம்ஸில் மைக் கொன்ட்ரோல் + ஷிப்ட் + எம், கமரா கொன்ட்ரோல் + ஷிப்ட் + ஓ. காலையில் டீம்ஸ், பின்னேரம் சூம் என்று ஓடுகிறவர்கள் ஒன்றின் விசையை மற்றதில் அழுத்துவது சர்வ சாதாரணம், அதையும் ஒருமுறை யோசித்துப் பாருங்கள்.

"மீட்டில் கொன்ட்ரோல் + டி அழுத்தினால் நட்சத்திரம் வருகிறது"

இதுவும் மேலே சொன்ன அதே கதைதான். கூகுள் மீட் குரோமுக்குள் ஓடுகிறது. கொன்ட்ரோல் + டி மீட்டுக்கு மைக், குரோமுக்கு புக்மார்க். கடைசியாக நீங்கள் முகவரிப் பட்டையையோ வேறு டேபையோ தொட்டிருந்தால் குரோம் முந்திக்கொண்டு பக்கத்தைச் சேமிக்கப் பார்க்கும். கமராவுக்கான கொன்ட்ரோல் + ஈ-யும் இப்படியே, தவறான இடத்தில் அழுத்தினால் தேடல் பட்டைக்குப் பாய்ந்துவிடும். எஸ்கேப் அழுத்தி அந்தப் பெட்டியை மூடி, மீட் பக்கத்தில் யாருடைய முகமும் இல்லாத வெற்றிடத்தில் கிளிக் செய்து, மறுபடி அழுத்துங்கள். மீட்டின் முழு விசைப் பட்டியலும் வேண்டுமென்றால் ஷிப்ட்டோடு கேள்விக்குறி. டீம்ஸில் அதே பட்டியலுக்கு கொன்ட்ரோலோடு முற்றுப்புள்ளி.

"சட்டில் தமிழில் எழுதினேன், அதற்குப் பிறகு விசைகள் வேலை செய்யவில்லை"

இது நம்மவர்களுக்கே உரிய சிக்கல், ஆங்கிலத்தில் இருக்கும் உதவிப் பக்கங்களில் இதற்குப் பதில் தேடி அலையாதீர்கள். கொழும்பில் பலருடைய கணினியில் ஆங்கிலம், தமிழ், சிங்களம் மூன்றும் ஏறியிருக்கும். தமிழ் தட்டச்சுக்கு ஒருவர் ரெங்கநாதன் விசையமைப்பு, இன்னொருவர் பாமினி விசையமைப்பு, அதற்கென்று தனியாக ஒரு நிரல் பின்னால் ஓடிக்கொண்டும் இருக்கலாம். சட்டில் "வணக்கம்" எழுதிவிட்டு மொழியைத் திருப்பாமல் விட்டால், சில நிரல்கள் நீங்கள் அழுத்தும் விசையைத் தமிழ் எழுத்தாக மாற்றி அனுப்புகின்றன. மீட்டில் வசன வரிகளைத் திறக்கும் வெறும் 'சீ' போன்ற தனி எழுத்து விசைகள்தான் இதில் முதலில் அடிபடும்.

திரையின் கீழ் வலது மூலையைப் பாருங்கள், எந்த மொழி என்று அங்கே தெரியும். விண்டோஸ் விசையோடு ஸ்பேஸ் அழுத்தி ஆங்கிலத்துக்கு வந்துவிட்டு முயற்சி செய்யுங்கள்.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. விண்டோஸில் இடது ஆல்ட் + ஷிப்ட் சேர்த்து அழுத்தினால் மொழி மாறும், பல கணினிகளில் கொன்ட்ரோல் + ஷிப்ட்டுக்கும் அதைப் போன்ற வேலை கொடுத்திருப்பார்கள். டீம்ஸின் முக்கிய விசைகள் எல்லாம் கொன்ட்ரோல் + ஷிப்ட்டில்தான் தொடங்குகின்றன. மைக்கைத் திறக்கப்போய், எம்மை அழுத்தாமல் பாதியில் விரலை எடுத்தால் சத்தமில்லாமல் மொழி மாறிவிடலாம், அடுத்ததாகச் சட்டில் நீங்கள் எழுதும் ஆங்கிலம் ஏதோ புரியாத எழுத்துகளாக வரும். விண்டோஸ் செட்டிங்ஸில் தட்டச்சுக்கான மேம்பட்ட பகுதிக்குள் போனால் மொழி மாற்றும் விசைகள் என்று ஒரு சின்ன ஜன்னல் இருக்கிறது, அங்கே அந்த ஷிப்ட் சேர்க்கைகளை எடுத்துவிடலாம். விண்டோஸ் + ஸ்பேஸ் எப்படியும் இருக்கும், மொழி மாற்ற அது ஒன்று போதும்.

"ஸ்பேஸைப் பிடித்துக்கொண்டு பேசினேன், யாருக்கும் கேட்கவில்லை"

மியூட்டில் இருந்தபடி ஸ்பேஸை அழுத்திப் பிடித்தால் பிடித்திருக்கும்வரை மைக் திறக்கும், விட்டால் மூடும். சூமில் இதற்கு ஓடியோ செட்டிங்ஸில் ஒரு பெட்டி, மீட்டிலும் செட்டிங்ஸுக்குள் தனியாகத் திறக்க வேண்டும், டீம்ஸில் கொன்ட்ரோலையும் ஸ்பேஸையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். காலி வீதிப் பக்கம் பல்கனி இருக்கிறவர்களுக்கும், பக்கத்தில் குழந்தை அழும் வீடுகளுக்கும் இதைவிட நல்ல வசதி வேறில்லை என்பேன்.

கேட்காமல் போவதற்குக் காரணம் அனேகமாகச் சட் பெட்டி. அங்கே கேர்சர் துடித்துக்கொண்டிருந்தால் ஸ்பேஸ் வெறும் இடைவெளியாக அங்கே போய் விழும். டேப் விசையால் ஏதாவது பட்டனில் போய் நின்றிருந்தால் ஸ்பேஸ் அந்தப் பட்டனை அழுத்திவிடும், அது கமரா பட்டனாக இருந்தால் நீங்கள் பேசத் தொடங்கும் நேரம் கமரா திறக்கும். வீடியோப் பகுதியில் கிளிக் செய்துவிட்டுப் பிடியுங்கள்.

"ஆல்ட் + எஃப்2 அழுத்தினால் வெளிச்சம் குறைகிறது"

ஆல்ட் + எஃப்2 சூமில் எல்லோரையும் கட்டம் கட்டமாகக் காட்டும் விசை. ஆனால் லெப்டொப்பில் மேல்வரிசை விசைகளுக்கு இரண்டு வேலை. எஃப்என் விசையையும் சேர்த்து அழுத்துங்கள். பல லெப்டொப்களில் எஃப்என் + எஸ்கேப் அந்த வரிசையையே மாற்றிப் பூட்டிவிடும், அதை ஒருமுறை செய்தால் போதும். ஆனால் பக்கத்தில் எஃப்4 இருப்பதைக் கவனியுங்கள், ஆல்ட் + எஃப்4 முன்னால் இருக்கும் ஜன்னலை மூடும் விசை.

"பட்டன்கள் எல்லாம் காணாமல் போய்விட்டன"

எலியை அசைத்துப் பார்த்தீர்களா? சூம் சில நொடிகளில் கீழ்ப் பட்டையை ஒளித்துவிடும். ஆல்ட் விசையை மட்டும் ஒருமுறை தட்டினால் பட்டை எப்போதும் தெரியும்படி நின்றுவிடும், மறுபடி தட்டினால் பழையபடி ஒளியும். வயதானவர்களின் கணினியில் அதை எப்போதும் தெரியும்படியே வைத்துவிடுங்கள், செட்டிங்ஸிலும் இதற்குத் தெரிவு இருக்கிறது. திரை முழுவதையும் கூட்டம் அடைத்துக்கொண்டிருந்தால் எஸ்கேப், அல்லது ஆல்ட் + எஃப்.

திரையைப் பகிரும்போது பட்டை கீழிருந்து மேலே போய்விடும். அங்கும் இல்லையென்றால் யாரோ ஒளித்திருக்கிறார்கள், கொன்ட்ரோல் + ஆல்ட் + ஷிப்ட் + எச் அழுத்தினால் திரும்பி வரும். அந்த மூன்று விசைகளையும் எச் இல்லாமல் அழுத்தினால் கீபோர்டின் கவனம் கூட்டத்தின் பட்டன்களுக்குப் போகும், பிறகு டேப்பால் நகரலாம். பார்வையில்லாத என் நண்பர் ஒருவர் என்விடிஏ திரைவாசிப்பானோடு கூட்டம் முழுவதையும் இப்படித்தான் நடத்துகிறார். பேசுவது யார் என்று அறிய கொன்ட்ரோல் + 2 அழுத்துவார், சூம் பெயரைச் சொல்லும். எலியால் எல்லாம் முடிகிற நமக்கு இந்த விசைகள் வசதி, அவருக்கு இவைதான் வழி. அதனால்தான் இவற்றைச் சரியாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பதில் நான் இவ்வளவு பிடிவாதமாக இருக்கிறேன்.

"ஒருவர்தான் தெரிகிறார்" அல்லது "ஆள் மாறி மாறிப் பாய்கிறது"

சூமில் இரண்டு பார்வைகள். ஆல்ட் + எஃப்1 பேசுபவரைப் பெரிதாகக் காட்டும் ஸ்பீக்கர் வியூ, ஆல்ட் + எஃப்2 எல்லோரையும் கட்டம் கட்டமாகக் காட்டும் கலரி வியூ. மக்கில் கமாண்ட் + ஷிப்ட் + டபிள்யூ இரண்டுக்கும் இடையே மாற்றும். விசை வராவிட்டால் மேலே வலது மூலையில் வியூ என்ற பட்டன். ஸ்பீக்கர் வியூவில் சூம் சத்தத்தைத்தான் பின்தொடரும், இருமினாலும் பிரஷர் குக்கர் விசிலடித்தாலும் அந்த வீட்டைத்தான் பெரிதாகக் காட்டும்.

யார் பேசினாலும் ஒரே ஆள் பெரிதாக நிற்கிறார் என்றால், அவரை நீங்கள் எப்போதோ 'பின்' செய்துவிட்டு, அதாவது ஊசி குத்தியதுபோல் உங்கள் திரையில் நிறுத்திவிட்டு, மறந்திருக்கலாம். அவர் படத்தின் மேலுள்ள மூன்று புள்ளிகளுக்குள் போய் எடுத்துவிடுங்கள்.

இங்கே பின், ஸ்பொட்லைட் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். ஒரு வீட்டில் இறந்தவருக்கான அந்தியேட்டிக் கிரியை. மூத்த மகன் கனடாவில், விசா சிக்கலால் வர முடியவில்லை. ஐயர் கிரியை செய்யும் இடத்தில் ஒரு போனைத் தாங்கியில் நிறுத்தி, இங்கிருந்த தம்பி கூட்டத்தை நடத்தும் ஹோஸ்டாக இருந்து லெப்டொப்பில் அந்தப் போனின் படத்தைப் பின் செய்தார். லெப்டொப்பில் கிரியை அழகாகத் தெரிந்தது, எல்லோருக்கும் அப்படியே தெரிகிறது என்று நினைத்துவிட்டார். கனடாவில் இருந்த மகனுக்கோ, யார் மைக்கைத் திறந்து விம்மினார்களோ அவர்களுடைய முகம்தான் பாய்ந்து பாய்ந்து வந்துகொண்டிருந்தது. பிண்டம் வைக்கும் நேரம் ஏதோ ஒரு வீட்டுக் கூரையின் மின்விசிறியைத்தான் அவர் பார்த்துக்கொண்டிருந்தார். அதை அவர் என்னிடம் சொன்னபோது எனக்குப் பேச வரவில்லை, ஒரு கிளிக் வித்தியாசம்தான்.

பின் என்பது உங்கள் திரைக்கு மட்டும். யாரும் யாரையும் பின் செய்யலாம், மற்றவருக்கு அது தெரியாது, அவர்கள் திரையில் எதுவும் மாறாது. ஸ்பொட்லைட் என்பது எல்லோருடைய திரைக்கும், அதை ஹோஸ்டோ இணை ஹோஸ்டோதான் போட முடியும், ஒரே நேரத்தில் 9 பேர்வரை போடலாம். பதிவிலும் இந்த வித்தியாசம் உண்டு: கிளவுட்டில் பதிவு செய்தால் உங்கள் பின் அதில் வராது. திருமணம், கிரியை, அரங்கேற்றம், நூல் வெளியீடு என்று எதை நேரலையாகக் காட்டினாலும் தொடங்குவதற்கு முன் ஹோஸ்ட் அந்தக் கமராவை ஸ்பொட்லைட் செய்யட்டும், தன்னைத் தவிர மற்ற எல்லோரையும் ஆல்ட் + எம் அழுத்தி மியூட் செய்யட்டும், பிறகு வெளிநாட்டில் இருக்கும் ஒருவரிடம் "இப்ப உங்களுக்கு என்ன தெரியுது?" என்று வாயால் கேட்டு உறுதிப்படுத்துங்கள். நம் திரையைப் பார்த்து மற்றவர் திரையை முடிவு செய்யக்கூடாது.

"முப்பது பேர் இருக்கிறோம், எல்லோரையும் காணோம்"

கலரியில் ஒரு பக்கத்துக்கு 25 பேர். பக்கவாட்டு அம்புக்குறி, அல்லது பேஜ் அப், பேஜ் டவுன் விசைகள் மிச்சப் பேரைக் காட்டும். வீடியோ செட்டிங்ஸில் இதை 49 ஆக்கலாம், ஆனால் கணினிக்கு வலு போதாவிட்டால் அந்தத் தெரிவு மங்கலாக நிற்கும், அதற்குச் செய்ய ஒன்றுமில்லை. கமரா மூடியவர்களை ஒளிக்கும் தெரிவு வியூ மெனுவில் இருக்கிறது, வெறும் பெயர்ப் பலகைகள் போய்விட்டால் 25 இடமே பல நேரம் போதும். மீட்டில் கொன்ட்ரோல் + ஆல்ட் + கே கட்டங்களைக் கூட்டும், கே இருக்கும் இடத்தில் ஜே போட்டால் குறைக்கும். போனில் ஒரு நேரத்தில் சிலரைத்தான் காணலாம், விரலால் பக்கவாட்டில் தள்ளுங்கள்.

"திரையைப் பகிர்ந்ததும் முகங்கள் போய்விட்டன"

பார்ப்பவருக்கு: வியூ மெனுவில் சைட் பை சைட் என்று ஒன்று. பகிர்ந்த திரையும் முகங்களும் பக்கத்தில் பக்கத்தில் வரும், நடுக்கோட்டை இழுத்து எதைப் பெரிதாக்குவது என்று நீங்களே முடிவு செய்யலாம். எழுத்துச் சின்னதாக இருந்தால் அதே மெனுவில் ஸூம் விகிதத்தைக் கூட்டுங்கள், ஆசிரியரிடம் பெரிதாக்கச் சொல்லத் தேவையில்லை.

பகிர்பவருக்கு வரும் சிக்கல் வேறு: "நான் ஏழாவது ஸ்லைடில் நிற்கிறேன், பிள்ளைகள் முதலாவதையே பார்க்கிறார்கள்." டியூஷன் எடுக்கும் ஆசிரியர்கள் இதை அடிக்கடி கேட்கிறார்கள். இரண்டு காரணம். ஒன்று, ஆல்ட் + டீ கைபட்டுப் பகிர்வு இடைநிறுத்தப்பட்டிருக்கலாம், அதையே மறுபடி அழுத்தினால் ஓடும். மற்றது, பவர்பொயின்ட் ஜன்னலை மட்டும் பகிர்ந்திருப்பீர்கள், ஸ்லைட் ஷோ தொடங்கும்போது அது புதிய ஜன்னலாகத் திறக்கும், பகிர்வு பழைய ஜன்னலிலேயே நிற்கும். ஆல்ட் + எஸ் அழுத்தி நிறுத்திவிட்டு, ஸ்லைட் ஷோவை முதலில் திறந்து, பிறகு முழுத் திரையையும் பகிருங்கள். முழுத் திரையைப் பகிர்வதற்கு முன் வட்ஸ்அப்பை மூடிவிடுங்கள்.

"நான் எழுதிக் காட்டுவது தலைகீழாகத் தெரிகிறது"

இடம் வலமாகத் தெரிவது உங்களுக்கு மட்டும்தான், மாணவர்களுக்கு நேராகவே தெரியும். கண்ணை உறுத்தினால் வீடியோ செட்டிங்ஸில் மிரர் என்பதை எடுத்துவிடுங்கள். உங்கள் முகமே உங்களுக்குத் தெரியவில்லை, மற்றவர்கள் தெரிகிறது என்கிறார்கள் என்றால் செல்ஃப் வியூ ஒளிந்திருக்கிறது, வியூ மெனுவில் திரும்ப எடுக்கலாம்.

"எதையோ அழுத்தினேன், வெளியே வந்துவிட்டேன்"

டீம்ஸில் கொன்ட்ரோல் + ஷிப்ட் + எச் அழைப்பை முடித்துவிடும். சூமில் ஆல்ட் + கியூ வெளியேறும் விசை. கை உயர்த்துவது சூமில் ஆல்ட் + வை, டீம்ஸில் கொன்ட்ரோல் + ஷிப்ட் + கே, மீட்டில் கொன்ட்ரோல் + ஆல்ட் + எச். மீட்டில் எச்சுக்குப் பழகிய விரல் டீம்ஸிலும் எச்சைத் தேடிப் போனால் கை உயராது, ஆளே வெளியே போய்விடுவார். அதே இணைப்பில் மறுபடி நுழையுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

இவற்றைப் பழகக் கூட்டம் நடக்கும் நேரம் உகந்ததல்ல. சூமில் மைக்கையும் ஸ்பீக்கரையும் சோதிக்க சூம் டொட் யூஎஸ் ஸ்லாஷ் டெஸ்ட் என்ற முகவரி இருக்கிறது. விசைகளையும் பார்வைகளையும் பழகுவதற்கு நீங்களே ஒரு கூட்டத்தைத் திறந்து, கைப்போனிலிருந்து இன்னொரு பெயரில் அதற்குள் வாருங்கள், எதிரொலி வராமல் போனின் சத்தத்தை மூடிவிட்டு. லெப்டொப்பில் ஒன்றை மாற்றும்போது போனில் மாறுகிறதா இல்லையா என்று பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நான் முதலில் பின் போட்டுப் பார்க்கச் சொல்வேன், போனில் ஒன்றும் அசையாது.